கேம் பெட்டியில் இரண்டு பெயர்கள்

வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுகிறாரோ இல்லையோ, லிஃப்ட்காரர் நேரே உள்ளறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போடுகிறார். பிறகு கூடத்துக்கு வந்து, டிவிக்குக் கீழே இருக்கும் கேம் பெட்டியைத் தட்டி எழுப்புகிறார். மகள் படிக்க வெளியூர் போனபோது விட்டுப்போன பெட்டி அது. விளையாட ஆளில்லை. இப்போது உள்ளறைக் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டும் படமும் வைஃபை வழியாக அந்தப் பெட்டிக்கு வந்து டிவியில் ஓடுகின்றன. "ஒரு வயர் கிடையாது, பாத்துக்கங்க" என்பார், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவரிடம்கூட.

மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். ஐம்பது வயர்களில் எது எந்த மாடிக்குப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த ஒழுங்கு பாட்டிலும் உண்டு. பாடகர், ஆண்டு என்றெல்லாம் பிரிக்க மாட்டார். 'துணி மடிக்க', 'தலைவலி', 'அவ கோபம் சின்னது', 'அவ கோபம் பெருசு' என்று ஃபோல்டர்கள். அவள் என்பது மனைவி. என்ன முகத்தோடு வீட்டுக்குள் நுழைகிறாள் என்று பார்த்து, கேட்காமலே ஒன்றைத் திறந்துவிடுவார். மனைவியிடம் மனம்விட்டுப் பேச வராத மனிதர். வீட்டில் அவருக்காகச் சமாதானம் பேசுவது அந்தப் பெட்டிதான்.

மூன்று வாரமாக அந்த நிம்மதி இல்லை. மனைவியின் அக்கா கணவர் வேலை மாற்றலாகி வந்திருக்கிறார். வீடு கிடைக்கும்வரை இங்கேதான் ஜாகை. வந்த மறுநாளே தன் லேப்டாப்பையும் வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து டிவித் திரையில் இரண்டு கம்ப்யூட்டர்களின் பெயர்கள். சகலையுடையது மேலே. அதில் ஆயிரக்கணக்கில் பாட்டு, கண்ணாடி மாதிரி படம், நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டு படம் நிற்பதே இல்லை. "என்ன தெளிவு அத்தான்!" என்று மனைவி வியந்த அன்று லிஃப்ட்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம். சகலை தங்கமான மனிதர் என்பது இன்னும் எரிச்சல். வம்புக்காரராக இருந்தால் சண்டையாவது போட்டுத் தொலைக்கலாம். "பாட்டையெல்லாம் மூட்டையா கட்டி வெச்சிருக்காரு. ஒரு பாட்டு தேடணும்னா ஒரு நாள் லீவு போடணும்" என்று வேலையிடத்தில் புலம்புகிறார் லிஃப்ட்காரர். வீட்டில் மூச்சு விடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குப் பொறுக்கவில்லை. எந்தெந்தக் கருவி தன்னிடமிருந்து பாட்டெடுக்கலாம் என்று கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் உண்டு. அதில் சகலையின் லேப்டாப்பைத் தடுத்துவிட்டால் டிவியிலிருந்தும் அது ஒழிந்துவிடும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பே தப்பு. போதாததற்கு, எண்ணும் எழுத்துமாகக் குழம்பிக் கிடந்த வரிகளில் தப்பான வரியை வேறு அழுத்தினார். தடைபட்டது கேம் பெட்டி. கூடத்துக்கு வந்து பார்த்தால் திரையில் ஒரே ஒரு பெயர். சகலையுடையது.

மனைவி துணிக்கூடையோடு வந்து உட்கார்ந்தாள். "உங்களோடது எங்க?"

"வரல."

"வரலைன்னா?"

"அதான் அத்தானோடது இருக்கே. போட்டுக்க."

"அதுல எது எங்க கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? அத்தான், இவரோடது என்னாச்சுன்னு கொஞ்சம் பாருங்களேன். அது பாடலைன்னா எனக்குக் கையே ஓடாது."

ஓரமாகப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த சகலை எழுந்து உள்ளறைக்குப் போனார். லிஃப்ட்காரர் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றார். பட்டியல் திறந்தபடியே இருந்தது. சகலை அதைப் பார்த்தார், திரும்பி இவரைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தடையை எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, வைஃபை கொஞ்சம் மக்கர் பண்ணியிருக்கு!" என்று கூடத்துக்குக் குரல் கொடுத்தார். காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் லிஃப்ட்காரர்.

'துணி மடிக்க' ஃபோல்டரிலிருந்து பாட்டு வந்தது. மனைவி முதல் துணியை உதறினாள், கூடவே முணுமுணுக்கவும் ஆரம்பித்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக லிஃப்ட்காரரின் முகம் மலர்ந்தது. சகலையும் சற்றுத் தள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். "அடடா, என்ன பாட்டு சகலை!"

லிஃப்ட்காரர் ரிமோட்டை எடுத்து, மனைவி உட்கார்ந்திருக்கும் இடம்வரை மட்டும் கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்தார்.