தேனொழுகல் நோயின் இரண்டாவது வாசகர்

மாதத்தின் முதல் வாரம் வந்தால் என்னிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். செகந்திராபாத்தை ஒட்டிய ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் நூலகர் நான். எங்கள் விஞ்ஞானிகள் கணினியில் படிக்கிற ஆய்விதழ்களில் எதை எத்தனை தடவை திறந்தார்கள் என்று ஒவ்வொரு பதிப்பாளரின் தளத்திலும் நுழைந்து, கணக்கை இறக்கி, ஒரே அட்டவணையில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நாற்பது பதிப்பாளர்கள், நாற்பது கடவுச்சொற்கள். ஒருவன் கேட்டதும் கொடுப்பான். இன்னொருவன் மூன்று நாள் கழித்து மெயிலில் அனுப்புவான். வேறொருவன் நெளிந்து கிடக்கும் எழுத்துகளைக் காட்டி, நீ மனிதப் பிறவிதானா என்று கேட்பான். "மனுசிதாம்லே, அதான் மண்ட வலிக்கி!" என்று திரையைப் பார்த்து நான் போட்ட சத்தம் வாசல் காவலாளி வரைக்கும் கேட்டிருக்கிறது.

இந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எந்தத் தளமும் திறக்காமல் நான் அழுகிற நிலைக்கு வந்தபோது, ஒரே ஒரு இதழ் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டுத் திறந்தது. தானியப் பயிர்களுக்கு வரும் பூசண நோய்களைப் பற்றிய இதழ் அது. அன்றிலிருந்து அதுதான் எனக்கு ராசி. கணக்கெடுக்கும் நாளில் அந்த இதழின் முதல் கட்டுரையை ஒரு தடவை திறந்து மூடிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். எழுதுகிறவர்கள் பிள்ளையார் சுழி போடுவதில்லையா, அந்த மாதிரி. ஒரு வரி கூடப் படித்தது கிடையாது.

அந்த இதழை உண்மையாகவே படிக்கிறவர் எங்கள் நிலையத்தில் ஒருவர் இருந்தார். கம்புப் பயிருக்கு வரும் தேனொழுகல் நோயில் ஏழு வருடமாக மூழ்கிக் கிடந்த விஞ்ஞானி. கிட்டத்தட்ட என் வயதுதான். தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம், மௌலா அலி காலனியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழுக்கு நடுவில் உருது அழைக்காமலே வந்து உட்காரும். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வருட இதழ்களை மொத்தமாக இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இவர் மாதம் ஒரே ஒரு கட்டுரையை எடுத்து, அச்சடித்து, நூல் போட்டுத் தைத்து, பென்சிலும் கையுமாக மாதம் முழுக்க மெல்லுவார்.

அந்த வருடம் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. யாரும் சீண்டாத இதழ்களையும் ஒரே ஆள் படிக்கிற இதழ்களையும் நிறுத்திவிடலாம் என்று நூலகக் கமிட்டி முடிவெடுத்தது. வருடக் கடைசியில் என் அட்டவணையை வைத்துத்தான் வெட்டுவார்கள். சேதி தெரிந்த அன்றே அவர் ஓடி வந்துவிட்டார்.

"கைக்கு மேடம், எதுக்கு என் வயித்துல அடிக்கிறீங்க? வேற எங்கயும் இந்த ஜர்னல் வரதில்ல. இன்னும் ரெண்டு வருஷத்துல என் வேலை முடிஞ்சிரும். நடுவுல கண்ணைக் கட்டுனா எப்படி?"

"நான் எங்க சார் அடிக்கேன், கமிட்டிதான் அடிக்கி. நீங்க மாசம் ஒண்ணுக்குப் பதிலா தெனமும் நாலு தடவ தெறந்து வைங்களேன். எண்ணிக்க ஏறிரும்லா?"

"நக்கோ மேடம், வேணாம். படிக்காம எதுக்குத் திறக்கணும்?"

அவ்வளவு வெள்ளையாகக் கேட்டார்.

வீட்டில் அந்த நேரத்தில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. மாதா மாதம் முதல் வாரத்தில் நான் லோத்குண்டா வீட்டுக்குள் நுழைகிற வேகத்தைப் பார்த்துப் பயந்துபோன என் கணவர், சமாதானத் தூது போல ஒரு யோசனை சொன்னார். ஹைடெக் சிட்டியில் மென்பொருள் வேலை அவருக்கு. "ஏட்டி, இத மிசினே செய்யும். நீ எப்பிடிச் செய்வியோ அப்பிடியே ஒரு தடவ செஞ்சு காட்டு. ஒண்ணும் விடக்கூடாது. நான் பாத்து எழுதிக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து காட்டினேன். வழக்கம்போல முதலில் ராசியான இதழைத் திறந்து மூடினேன். "இது எதுக்கு?" என்றார். "எப்பவும் மொதல்ல இதான். நடுவுல தொணதொணன்னு கேக்காதிய, பேசாமப் பாருங்க" என்று விழுந்தேன். மனிதர் நான் செய்ததையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டார்.

மிஷின் வேலையில் இறங்கியதும் என் வாழ்க்கையே மாறிப் போனது. நாற்பது தளத்துக்கும் அதுவே போய், அதுவே கேட்டு, அதுவே அட்டவணை போட்டது. எதுவும் தப்பிவிடக் கூடாது என்று தினமும் காலையில் ஓடும்படி வைத்திருந்தார் என் கணவர். முதல் வாரத்திலும் நான் சிரித்துப் பேசுகிறேன் என்று நிலையம் முழுக்க வதந்தி பரவியது. காவலாளி வந்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து, மொத்தக் கணக்கையும் வரிசைப்படுத்திப் பார்த்தவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எங்கள் நிலையத்திலேயே அதிகம் திறக்கப்பட்ட இதழ் பூசண நோய் இதழ்! ஆயிரக்கணக்கில்! நெல்லும் கோதுமையும் எங்கோ கீழே கிடந்தன. ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் மாடிப்படி ஏறி ஓடி, அந்த விஞ்ஞானியிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை பேரா? ஏழு வருஷமா நான் ஒத்தை ஆளுன்னு நெனச்சிட்டிருந்தேனே மேடம்!" அத்தோடு விட்டாரா? இத்தனை பேர் படிக்கிறார்கள், ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பது நியாயமா என்று, அடுத்த வாரமே கருத்தரங்கக் கூடத்தைப் பிடித்து ஒரு வாசகர் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார். அறிவிப்புப் பலகையில் தன் கையாலேயே எழுதி ஒட்டினார். நூறு பேருக்கு டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் சொல்லி வைத்தார்.

மூன்று மணிக்கு நான் போனேன். அவர் கஞ்சி மொடமொடக்கும் சட்டையில் மேடையில் நின்றார். மைக் வைக்க வந்தவர் ஒரு மூலையில். பின் வரிசையில் ஒரு ஆள் இருந்தார். ஏசிக்காக வந்தவர், பிஸ்கட்டைச் சாப்பிட்டதும் போய்விட்டார். நாலு மணி வரை பார்த்தோம். "எல்லாரும் பிசியா இருப்பாங்க மேடம்" என்றார். பிறகு எனக்காகவே முழுப் பேச்சையும் பேசினார். கம்பங்கதிரில் தேன் மாதிரி சொட்டுகிற திவலைகளைப் படம் போட்டுக் காட்டினார். ஆயிரக்கணக்கில் திறக்கிறவர்களில் ஒரு ஆத்மா கூடவா வராது?

வீட்டுக்குப் போனதும் கணவரை இழுத்து உட்கார வைத்து, மிஷின் என்னதான் செய்கிறது என்று காட்டச் சொன்னேன். காட்டினார். முதலில் பூசண நோய் இதழைத் திறந்து மூடியது. பிறகு ஒரு தளம். மறுபடி பூசண நோய். பிறகு இன்னொரு தளம். மறுபடியும் பூசண நோய். நடுவில் ஒரு தளம் முரண்டு பிடித்தால், சுழியிலிருந்து திரும்பத் தொடங்கியது.

"அட பாவி மனுசா! நாப்பது தளத்துக்கும் நாப்பது சுழியா?"

"எப்பவும் மொதல்ல இதான்னு நீதான சொன்ன? உள்ள நொழைய அது அவசியம் போலன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டேன். பேசாமப் பாருங்கன்ன."

சனியனை விலை கொடுத்து வாங்கியது நான்தான். அந்த வரியை எடுத்துப் போடச் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் விஞ்ஞானியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ராசியைச் சொல்லும்போது மட்டும் நாக்கு புரண்டது. "மிஷின் ஒரு இதழத் தெறந்து சோதிச்சுப் பாக்கும் சார், அது ஒங்க இதழாப் போச்சு" என்று முடித்துக்கொண்டேன். மேசை மேல் மீந்த பிஸ்கட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

"அப்ப யாருமே படிக்கலையா?"

"உண்மையான கணக்கு இதுதான் சார்" என்று மிஷினுக்கு முந்தைய வருடங்களின் அட்டவணையை நீட்டினேன். மாதத்துக்கு இரண்டு. எல்லா மாதமும் இரண்டு.

அவர் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். சட்டென்று நிமிர்ந்தார். "ரெண்டா? நான் மாசம் ஒண்ணுதானே எடுக்கிறேன்! அப்ப இன்னொருத்தர் இருக்கார் மேடம்! ஒரு மாசம் கூட விடல பாருங்க! யார் அது?"

அந்த இன்னொருத்தர் அவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். ஆயிரம் பேர் இல்லை என்றதற்குக் கூட அப்படி வாடாத முகம், ஒருவர் இருக்கிறார் என்றதும் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. "அதச் சொல்லக் கூடாது சார், விதி" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

கமிட்டியில் மிஷின் செய்த கூத்தை மறைக்காமல் சொன்னேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும், தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார்: மாதம் இரண்டு என்றால் ஒரே ஆள் இரண்டு தடவையா, இரண்டு பேரா? இரண்டு பேர், என்றேன். அது பொய் இல்லை. திறக்கிறது இரண்டு பேர்தான். படிக்கிறார்களா என்று அவர் கேட்கவில்லை. இன்னும் ஒரு வருடம் தருகிறோம், பிறகு பார்ப்போம் என்றார்கள்.

அதோடு விட்டதா சனி? அந்த மாதம் படித்து முடித்த கட்டுரையை விஞ்ஞானி என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "அந்த இன்னொருத்தர் வந்தா குடுங்க மேடம்." மேலே ஒரு துண்டுச் சீட்டு: நான்காம் பக்கத்தைப் பற்றி உங்கள் கருத்து என்ன? மூன்று வாரம் அது என் இழுப்பறையில் கிடந்து என்னை முறைத்தது. தினமும் வந்து, பதில் வந்ததா என்று கேட்பார். பொறுக்க முடியாமல் ஒருநாள் பையில் போட்டுக்கொண்டு, லோத்குண்டா பஸ்ஸில் பிரித்தேன்.

முதல் பக்கம் தாண்ட அகராதியோடு நாலு நாள் ஆனது. இரண்டாவது கட்டுரையில் அந்தப் பூசணத்தின் மேல் கோபம் வந்தது. மூன்றாவதில், விட்டால் போதும் என்பது போய், அப்புறம் என்ன ஆச்சு என்று தோன்ற ஆரம்பித்தது. கையெழுத்துத் தெரியாமல் இருக்கப் பதில்களைத் தட்டச்சு செய்து வைத்தேன். அவர் எழுதுவார், இன்னொருத்தர் எழுதுவார். ஒரு கட்டத்தில் சண்டையே வந்துவிட்டது. ஒரு கதிரிலிருந்து இன்னொன்றுக்கு நோயைக் கொண்டுபோவது பூச்சி என்றார் அவர். ஏழாம் பக்கத்தின்படி மழைத்துளிதான் என்று இன்னொருத்தர் அடித்துச் சொன்னார்.

அடுத்த வருடக் கமிட்டியில் தலைவர் மறுபடி கேட்டார். "ரெண்டு பேர் சார். ரெண்டு பேரும் படிக்கிறாங்க" என்றேன் கணீரென்று. தொடரட்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

நூலக வாசலில் விஞ்ஞானி காத்திருந்தார். கிடைத்துவிட்டது என்றதும் பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த இன்னொருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க மேடம். நல்ல ஆளுதான். ஆனா ஏழாம் பக்கத்தைச் சரியாப் படிக்கல."

எனக்கு வந்ததே கோபம்! "யாரு சரியாப் படிக்கல? மூணு தடவ படிச்சேன் சார்! கடைசிப் பத்தியில மழைன்னு பச்சையாப் போட்டிருக்கு. பூச்சி பூச்சின்னு நீங்கதான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோஜனம்?

"நீங்களா மேடம்?"

"நான்தான் சார்."

"அத்தனை வருஷமுமா?"

"அப்பல்லாம் ராசிக்குத் தெறந்து மூடுவேன். படிக்கல. இப்பதான் படிக்கேன்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே போய்விடுவார், இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன். திரும்பாமலே சொன்னார்: "அப்ப அன்னைக்கு ஹால்ல என் வாசகர்கள் ஒருத்தர் விடாம எல்லாரும் வந்திருந்தாங்க."

"ஆமா சார்."

"ஹவ், சரி. உக்காருங்க. ஏழாம் பக்கத்தை எடுங்க."

பூட்டுகிற நேரம் வரைக்கும் சண்டை போட்டோம். மழைதான். இன்றைக்கும் சொல்வேன்.