ஐயாயிரம் கிலோமீட்டர் கழித்து வாருங்கள்

அந்த ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்குக் கிடைத்த பட்டப்பெயர் 'துடைச்சுப்பாரு'. எந்தக் கார் வந்தாலும் இஞ்சினில் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவுவான், துணியால் துடைப்பான், மறுபடி சொருகி உருவுவான். முதல் தடவை கம்பி காட்டும் அளவை அவன் நம்பியதே கிடையாது. "ஓடின வண்டியில ஆயில் கண்ட இடத்துல தெறிச்சு ஒட்டியிருக்கும். துடைச்சுப் பார்த்தாதான் நிஜம் தெரியும்" என்பான். பிறகு ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவில் தேய்த்து, முகர்ந்து, கண்ணை மூடித் தீர்ப்புச் சொல்வான். நீதிபதி கெட்டார் போங்கள்!

இப்பேர்ப்பட்ட நிபுணனுக்கு எதிரே நிற்கிற பெண்ணின் மனசு மட்டும் பிடிபடவில்லை. கேக் கடை வேன் ஓட்டுகிறவள் அவள். திங்கட்கிழமை தவறாமல் வந்து, "ஆயில் கொஞ்சம் பாருங்களேன்" என்பாள். அன்றைக்கு இவன் இஸ்திரி போட்ட சட்டையில் வருவான், அதுவும் கிரீஸில் புரளப்போகிற சட்டை. அவ்வளவு ஆசை இருந்தும் வாய் சும்மா இருந்ததா? போன திங்களன்று, "ஆயில் தேன் மாதிரி இருக்குங்க. இனி ஐயாயிரம் கிலோமீட்டருக்கு நீங்க இந்தப் பக்கமே வர வேண்டியதில்ல" என்று பெருமை பொங்கச் சொல்லி அனுப்பிவிட்டான்.

ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் இருந்த அவனுடைய அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "டேய், நல்ல ஆயிலை யாராவது வாராவாரம் பார்க்கச் சொல்வாங்களா? அவ ஆயில் பார்க்கவாடா வந்தா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊருக்குள்ளேயே சுற்றுகிற வேன் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அவள் மறந்தே போய்விட்டால்? அந்த வாரம் முழுக்க அவன் அவனாக இல்லை. காற்றடிக்க வந்த சைக்கிள்காரரிடம், "ஆயில் பார்க்கவா?" என்று கேட்டான்.

திங்கட்கிழமை வந்தது. வேனும் வந்தது! வாசலிலேயே நின்றுவிட்டது. இவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவதற்குள் அவளே பானெட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

"ஆயில் கறுத்துப்போச்சுங்க" என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

கம்பியை உருவினான். கன்னங்கரேலென்று இருந்தது. போன வாரம் பார்த்ததைத் தப்பாகச் சொல்லிவிட்டோமா? விரலில் தேய்த்தான், பிசுபிசுவென்று ஒட்டியது. கண்ணை மூடி முகர்ந்தான். சந்தேகத்தோடு மறுபடி முகர்ந்தான். அப்புறம் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான்.

"இது சாக்லேட்டுங்க."

கவுண்டருக்குப் பின்னால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"ஆமாங்க, கேக் மேல தடவறது" என்றாள் அவள். காது வரை சிவந்திருந்தது. "இஞ்சினை வாசல்லயே நிறுத்திட்டுத்தான் கம்பியில தடவி உள்ள சொருகினேன். வராதீங்கன்னு சொல்லிட்டீங்க, வேற என்னங்க பண்றது?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவதென்று தெரியாமல் தொழிலைப் பேசினான். "இனி ஸ்டார்ட் பண்ணவே கூடாதுங்க. ஆயிலை மொத்தமா இறக்கிட்டுப் புதுசு ஊத்தணும்."

"ரொம்ப நேரம் ஆகுமா?"

அரை மணி நேர வேலை. "சாயங்காலம் ஆயிடும்" என்று கூசாமல் புளுகினான்.

அவள் சிரித்தாள். பிறகு அவன் கையிலிருந்த கம்பியைக் காட்டி, "துடைச்சு மறுபடி பார்க்கலையா?" என்றாள்.

"வேணாங்க" என்றான் துடைச்சுப்பாரு. "முதல் தடவை பார்த்ததே நிஜம்தான்."