கப்பல் இன்னும் கிளம்பவில்லை

பேசுகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வாசகர் வட்டத்தில் யாராவது தான் படித்துக்கொண்டிருக்கும் நாவலைப் பற்றி உருகி உருகிச் சொல்லும்போது, இவர் தலை மெல்லச் சாயும். பார்வை பேசுகிறவரின் கடைவாய்வரை போய்விடும். எல்லாம் கேட்டு முடித்து, "கதை பிரமாதம் சார். ஆனா இடது பக்கமா மெல்லாதீங்க, அந்தப் பல்லு ஆடுது" என்பார்.

பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் வேலை. மெழுகில் ஈறு பிடித்து, அதில் பல் பதித்து, கடிக்கும்போது மேலும் கீழும் ஒட்டி உட்காரும்வரை ராவிக்கொண்டே இருக்க வேண்டும். ஈறுக்காகக் கலக்கும் ரோஸ் பொடி நக இடுக்கில் எப்போதும் இருக்கும். வட்டத்தில் கைமாறி வரும் புத்தகத்தின் ஓரத்தில் ரோஸ் நிறக் கட்டைவிரல் தடம் இருந்தால், அதை ஏற்கெனவே பல்செட் அண்ணன் படித்துவிட்டார் என்று அர்த்தம். அவரை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

நாங்கள் கூடுவது ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியறையில். ஸ்கூலை நடத்தும் அக்காவுக்குப் புத்தகப் பைத்தியம். சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள். 'ஒலி எழுப்பாதே' படத்துக்குக் கீழேதான் ஓய்வுபெற்ற வங்கிக் கேஷியர் உட்காருவார். இருப்பதிலேயே சத்தமாகப் பேசுகிறவரும் அவர்தான். அவருக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ். கதவோரத்தில் நான்.

வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கையில் கொண்டுவர வேண்டும், எதுவரை படித்தோமோ அதுவரைதான் சொல்ல வேண்டும். மேலே சொல்லிவிடுகிறவருக்கு அன்று டீ கிடையாது.

இந்தச் சட்டத்துக்கென்றே பிறந்தவர் பல்செட் அண்ணன். கதவு தட்டப்படும் இடம், கடிதம் பிரிக்கப்படும் இடம் என்று பார்த்து நிறுத்துவார். புத்தகத்தைத் தட்டென்று மூடி, "அங்க மூடி வச்சுட்டேன்" என்பார்.

"அண்ணே, நல்லா இருப்பீங்களா நீங்க? எனக்கு ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது" என்று நர்ஸ் சண்டைக்குப் போவாள்.

"இறங்காதில்ல? அப்ப சரியான இடத்துலதான் மூடியிருக்கேன்."

என் முறை வந்தால் நான் புத்தகத்தின் பேரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதால் நாலு பேர் நடுவில் என்ன பேசுவதென்று தெரியாது. அவர் விட மாட்டார். "புத்தகத்தைப் பத்தி ஒண்ணும் வேணாம் தங்கச்சி. அதுல வர்ற ஆள் நம்ம வீட்டுக்கு வந்தா என்ன பண்ணுவீங்க, அத மட்டும் சொல்லுங்க."

"வெளியிலயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிடுவேன்."

"அப்ப அவன்தான் வில்லன். பாருங்க, ஒரே வரியில முடிச்சிட்டாங்க!"

அவர் அந்தக் கப்பல் கதையைக் கொண்டுவந்தபோது மழைக்காலம். ஒரு கப்பல் சமையல்காரன். பாதி வாழ்க்கையைக் கடலில் கழித்தவன், ஏதோ ஒரு துறைமுகத்தில் உப்பு வாங்க இறங்குகிறான். அங்கே ஒரு வீட்டு வாசலில் தன் ஜாடையில் ஒரு பெண் நிற்பதைப் பார்க்கிறான். கப்பல் சங்கு ஊதுகிறது. "ஏறுவானா, மாட்டானா? அங்க மூடி வச்சுட்டேன்."

அடுத்த வாரமும் சங்கு ஊதியது. அதற்கடுத்த வாரமும். "என்னய்யா, கப்பல் இன்னுமா கிளம்பல? டீசல் தீந்துபோச்சா?" என்று கேஷியர் கேட்க, அறையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார், எல்லோரும் சிரித்து முடிக்கும் நேரத்தில்.

வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் யாருக்காவது உறுத்தியிருக்கும். நாங்கள் புத்தகம் படிக்கிறவர்கள். பிடித்த பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். "அனுபவிச்சுப் படிக்கிறார்யா. நாமெல்லாம் அவக் அவக்னு முழுங்குறோம்" என்று கேஷியரே பிறகு பாராட்டினார். இனி எல்லோரும் பல்செட் அண்ணனைப் போல நிதானமாகப் படித்துப் பார்க்கலாம் என்று டிரைவிங் அக்கா சொன்னார். நாங்களும் படித்தோம். கைதட்டல்கூட இருந்தது. அண்ணன் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

ஒருநாள் அவர் கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்க, அவர் மனைவி மட்டும் மாடியேறி வந்தார். பேக்கரியில் வேலை செய்கிறவர். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கதவருகே இருந்ததால் முதலில் என்னிடம்தான் கேட்டார்: "இங்க வந்து இவர் நல்லாப் பேசுறாரா?"

"நல்லாப் பேசுவாரு அண்ணி."

"அதையேதான் வீட்லயும் வந்து சொல்றாரு. இன்னிக்குக் கைதட்டினாங்கன்னாரு." கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "லேப்ல வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. ஒரே ஆளுக்கு மேல் செட்டையே மூணு தடவ செஞ்சு வச்சிருக்காரு. அந்தம்மா கீழ்ப் பல்லு இல்லாம கஞ்சி குடிச்சிட்டுக் கெடக்கு. வீட்ல புத்தகத்தத் தெறப்பாரு, நாலு பக்கம் போவாரு, யாரோ கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து பாப்பாரு, திரும்ப முதல்லேந்து. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா இத்தன படிச்சவங்க நடுவுல உக்காந்து பேசுறாரே, நமக்குத்தான் வீண் சந்தேகம்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாமயே இருந்துட்டேன்."

கேஷியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போதும் பல்செட் அண்ணன் வருகிறார். அண்ணி கூட்டிவந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். "மாத்திரை இருக்குது, இருக்கறத இருக்கற மாதிரி வச்சுக்கப் பாக்கலாம்னாரு டாக்டர். இங்க வந்தா அந்த ஒரு மணி நேரம் பழைய மனுசனா இருக்காரு. வர விடுங்க, அது போதும் எனக்கு" என்று டிரைவிங் அக்காவிடம் கேட்டிருந்தார். சட்டப்படி அண்ணியையும் ஒருமுறை, என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டோம். "மருந்துச் சீட்டுதான்" என்றார். யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

மாத்திரை எதையும் பிடித்து வைத்ததாகத் தெரியவில்லை. கதை பின்னால் போகத் தொடங்கிவிட்டது. கொஞ்ச காலம் வாசலில் நின்ற பெண் வந்தாள். பிறகு அவள் வருவதில்லை. சமையல்காரன் உப்பு வாங்கத் துறைமுகத்தில் நடந்துகொண்டிருந்தான். பிறகு கப்பலை விட்டே இறங்கவில்லை. இப்போதெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிறான். "அங்க மூடி வச்சுட்டேன்" என்கிறார் அதே கம்பீரத்தோடு. நாங்கள் "அய்யோ" என்கிறோம்.

நர்ஸுக்குத்தான் பொறுக்கவில்லை. கைபிடித்து முன்னால் இழுப்பதுபோல, "அண்ணே, அவன் துறைமுகத்துல இறங்குவான்ல? அங்க ஒரு பொண்ணு நிக்கும்ல?" என்று கேட்டுவிட்டாள்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது! நான் இன்னும் அங்க வரல. முன்னாடியே சொல்லலாமா? இவங்களுக்கு இன்னிக்கு டீ கெடையாது!"

நர்ஸ் டீ குடிக்கவில்லை. மாடிப்படியில் போய் நின்று அழுதாள். அதற்கடுத்த வாரம் கேஷியர் வரவில்லை. வழியில் பார்த்தபோது, "என்னால ஆகலம்மா" என்று மட்டும் சொன்னார். 'ஒலி எழுப்பாதே' படத்துக்குக் கீழே நாற்காலி காலியாகவே கிடக்கிறது. எங்களில் வேறு யாரும் அந்தக் கப்பல் கதையைப் படித்ததில்லை. அவன் ஏறினானா இல்லையா என்று கேட்கவும் ஆளில்லை.

போன ஞாயிறு அண்ணன் முறை வந்தது. புத்தகம் மடியில் இருந்தது. அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நல்ல கதைங்க" என்றார். வேறொன்றும் வரவில்லை. காத்திருந்தோம். "மாத்திரை நேரம்" என்று மெல்லச் சொல்லிவிட்டு அண்ணி எழுந்து, தண்ணீர் பிடிக்கப் போனார். அவர் எழுந்ததும் அண்ணன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். பஸ்ஸில் இடம் போடுவதுபோல, காலியான பக்கத்து நாற்காலியில் விரித்துப் போட்டார்.

டம்ளரோடு திரும்பி வந்த அண்ணி உட்காரப் போனார். அண்ணன் மரியாதையாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருங்கம்மா. இது ஆள் வர்ற இடம். என் வீட்டுக்காரி வருவா."

"சரிங்க" என்றார் அண்ணி. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

அண்ணன் கைக்குட்டையில் மடங்கியிருந்த ஒரு முனையை விரலால் நீவிச் சரிசெய்துவிட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.