யுவி குழாய்க்குள் போன பாசி

வால்வு உள்ளுக்குள் உடைந்ததை நான் கவனிக்கும்போது பாசித் தொட்டியே காலி. இரண்டாயிரத்துகளில், அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் பம்ப் டெக்னீஷியனாக இருந்தேன். கடல் தண்ணீரைப் புற ஊதா விளக்கு எரியும் யுவி குழாய் வழியாக விட்டுக் கிருமியைக் கொல்வது என் டூட்டி. அன்று அந்தக் குழாய்க்குள் புகுந்து அடுத்த தொட்டியில் போய்ச் சேர்ந்தது, தீனிக்காக வளர்த்த பச்சைப் பாசி.

அந்தப் பாசியைத் தின்று வளரும் பொடி நீர்ப்பூச்சிகளைத்தான் ஹமூர், அதாவது நம்மூர்க் களவா மீன், குஞ்சுகள் தின்னும். குஞ்சுகள் அப்போதுதான் பொரிந்திருந்தன. வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும்வரைதான் தாங்கும். வேறு பாசி கையில் இல்லை.

எகிப்துக்கார மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஹலாஸ். ஸப் ஃபேங்க் தோ" என்றார். முடிந்தது, எல்லாவற்றையும் கொட்டிவிடு என்கிறார்.

பயாலஜிஸ்ட் மெர்சி மேடம் நாகர்கோவில்காரர். மேனேஜரிடம் கெஞ்சித் தவணை வாங்கிவிட்டு என்னிடம் வந்தார். "அண்ணே, சீக்கிரம் இதைப் பைகள்ல நிரப்பி ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் தொங்கவிடுங்க. ஒப்பிட்டுப் பாக்க ஒரு பையை மட்டும் கறுப்புத் துணி போட்டு மூடுங்க."

"வெளிச்சத்துலதானே மேடம் அடிபட்டுது? மறுபடி வெளிச்சமா?"

"அது வேற வெளிச்சம். யுவி பட்டா டிஎன்ஏ இழையில பக்கத்துப் பக்கத்து எழுத்து ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிடும். செல்லால பிரிஞ்சு பெருக முடியாது. ஒட்டுனதைப் பிரிச்சுவிட பாசிக்குள்ளேயே ஒரு நொதி இருக்கு. அது வேலை செய்ய நீல வெளிச்சம் வேணும். கண்ணாடி யுவியைத் தடுத்து, அந்த வெளிச்சத்தை உள்ள விடும்."

"அப்ப இருட்டுல?"

"அங்கயும் பழுது பாக்கும், மெதுவா. ஆனா குஞ்சு காத்திருக்காதுண்ணே."

நான் நம்பவில்லை. சொன்னதைச் செய்தேன்.

மறுநாள் பைகள் அப்படியேதான் இருந்தன. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் காலை ஜன்னல் பக்கப் பைகளில் பச்சை ஏறியிருந்தது. துணியை விலக்கினேன். இருட்டுப் பை வெளிறிக் கிடந்தது.

மேடம் என்னை மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தார். பச்சைப் பொட்டுகள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. ஒரு பம்ப் நின்றால் ஸ்பேர் வேண்டும், டூல் வேண்டும், ஆள் வேண்டும். கண்ணுக்கே தெரியாத இதற்குள் எல்லாமே இருந்தது. கேட்டதெல்லாம் கொஞ்சம் வெளிச்சம். எழுந்திருக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குஞ்சுகளில் கொஞ்சம் செத்துப்போயின. பெரும்பாலானவை பிழைத்தன.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உயிருள்ள எதையாவது கொட்டச் சொன்னால், உடனே வால்வைத் திறக்காதீர்கள். அது உள்ளே தன்னைத்தானே பழுது பார்த்துக்கொண்டிருக்கலாம்.