நிர்மலா ரீச்சர் ஆற்றைக் கடந்த நாள்

காத்தான்குடியில் ஒரு புடவைக்கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போயிற்று. பின்பக்கத்தில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்ப, டீசல் புகை உள்ளே வந்தது. என் உள்ளங்கைகள் நனைந்துவிட்டன. "என்னக்கா, ஃபேன் இப்பதானே நிண்டிச்சி, அதுக்குள்ள வேர்க்குதா?" என்றார் கடைக்காரர். அவருக்கு எப்படிச் சொல்வது? அந்தப் புகை மூக்கில் ஏறினால் நான் நடு ஆற்றில் நிற்பேன்.

ஆறு என்று நாங்கள் சொல்வது, கடலோடு சேரும் உப்பேரியான வாவியைத்தான். அதைக் கடக்கும் எஞ்சின் தெப்பத்துக்குப் 'பாதை' என்று பெயர். தண்ணீரில் ஆடும் ஒன்றுக்கு அப்படிப் பெயர் வைத்தவருக்கு நல்ல துணிச்சல்.

அப்போது நான் ஒரு கல்வி நிதியத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெரிய கட்டடமாக நினைத்துவிடாதீர்கள். பேக்கரிக்கு மேலே ஓர் அறை. பாண் வேகும் மணத்தில் எந்நேரமும் பசிக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கடைக்காரர்களும் கட்டாரில் இருந்த பழைய மாணவர்களும் சேர்ந்து நடத்தியது. அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்குக் கதிரை மேசை கொடுப்போம், ஒழுகும் கூரையை மாற்றுவோம், ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு ஆள் பிடிப்போம். இந்தக் கடைசி வேலையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஆளே இல்லை. பதினோராம் வகுப்பில் சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் கணக்குப் பாடவேளையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தேடிப்பிடித்தவள் நிர்மலா. நாவற்குடாக்காரி, பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். முதல் நாள் அவளைக் கூட்டிப்போவது என் பொறுப்பு.

தை பிறந்தும் மழை விட்டபாடில்லை. நாங்கள் ஏறிய பாதை நடு ஆற்றுக்கு வந்தபோது எஞ்சின் கறுப்புப் புகை கக்கிவிட்டு நின்றது. காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. பலகைமேல் தண்ணீர் ஏறியது. சாத்தியிருந்த சைக்கிள்கள் சரிந்து விழுந்தன.

"பயப்புடாதீங்க புள்ளையள், எஞ்சின்தான் நிண்டிரிக்கி" என்றார் பாதை ஓட்டுபவர். சொல்லிக்கொண்டே எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

நிர்மலா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அக்கா, உங்களுக்கிட்ட சொல்லல்ல. சுனாமிக்குப் பிறகு நான் தண்ணிக்குக் கிட்டயும் போறல்ல. அம்மாவ அதிலதான் விட்டம்."

 நீச்சல் தெரியாத நான், வகுப்புக்குக் கொண்டுவந்த சோக்கட்டிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன், அது மிதக்கும் என்பதுபோல. யேசுவைக் கும்பிடுகிற வேதக்காரி நான். அன்றைக்குப் பிள்ளையாரையும் கூப்பிட்டேன்.

கடைசியில் மீன்பிடித் தோணிகள் இரண்டு வந்து கயிறு போட்டு இழுத்தன. புதிய ரீச்சரைப் பார்க்க வந்த பிள்ளைகள், வெள்ளை உடுப்போடு முழங்கால் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். கரையில் கால் வைத்ததும் நிர்மலா குந்தியிருந்து வாந்தி எடுத்தாள்.

"வா, ரோட்டால சுத்தி வீட்ட போவம். வேற ஆளப் பாக்கிறன்" என்றேன்.

அதற்குள் ஒரு பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். "ரீச்சர், போயிராதீங்க ரீச்சர்!"

நிர்மலா வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "பின்னேரந்தானே திரும்பிப் போகணும். இப்ப வகுப்ப எடுப்பம்."

ஈரச் சேலையோடு கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். எழுத எழுதச் சோக் உடைந்து உடைந்து விழுந்தது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

பின்னேரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு அதே பாதையில் திரும்பினாள். மறுநாளும் போனாள். அந்த வருடம் முழுக்கப் போனாள். பயம் போய்விட்டதா என்று ஒருமுறை கேட்டேன். "இல்லக்கா. ஒவ்வொரு நாளும் அதே பயந்தான்" என்றாள். அந்தப் பிள்ளைகளில் பலர் கணக்கில் சித்தியடைந்தார்கள். பிறகு அவளுக்கு வேறு இடத்தில் அரசாங்க நியமனம் கிடைத்தது.

இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. பாதை இல்லை. போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கணக்குக்கு நிரந்தர ஆசிரியரே இருக்கிறார். மோட்டார் சைக்கிளில், ஒரு துளி நனையாமல் வருகிறார். பிள்ளைகள்தான் காலையில் பஸ் ஏறி, பாலத்தைக் கடந்து, டவுன் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விடுகிறார்கள்.