மேல்பல்லுக்குப் பயந்த கோடை

கிராம்புத் தைல நெடியும் சூட்டில் கருகிய துணியின் வாடையும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு முட்டும். சுனாமி வந்துபோனதற்கு மறுகோடை, உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த நாட்களில், மரக்காணத்து எங்கள் ஒற்றை அறை வீட்டின் கதவும் சன்னலும் எந்நேரமும் சாத்தியே கிடந்தன. அப்பாவுக்குப் பல்வலி. கடற்காற்று பட்டாலே கன்னம் விண்விண்ணென்று தெறிக்கிறது என்று, துண்டால் தாடையையும் தலையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

அம்மா விடியுமுன்னே உப்பு வாரப் போய்விடுவாள். பள்ளி விடுமுறை என்பதால் அப்பாவுக்கு "ஒத்தடம்" கொடுக்கும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கன்னத்தில் வைக்க வேண்டும். ரேடியோ கூடாது, பாத்திரம் உருளக் கூடாது, கதவைத் திறந்தால் காற்று வரும் என்பதால் வெளியே போகவும் கூடாது. வலி அவருக்கு, சிறை எனக்கா என்று ஆத்திரமாக வரும். "உப்பு வெளையிற ஊர்ல எவனுக்காவது பல்லு சொத்தையாவுமா" என்று அதுவரை வீம்பு பேசியவர்தான் அவர். பாத்தியில் கிடக்கும் உப்பை விரலால் தொட்டு முன்பல்லை மட்டும் ஒரு தேய் தேய்த்துவிட்டு, சர்க்கரை கொட்டிய டீயும் வாயில் அடக்கிய புகையிலையுமாக நாளை ஓட்டுவார்.

பிடுங்கினால் தீர்ந்தது. ஆனால் அது மேல்பல். மேல்பல்லைப் பிடுங்கினால் "கண்ணு நரம்பு" அறுந்து பார்வை போய்விடும் என்பது எங்கள் உப்பளத்தில் யாரும் மறுத்துப் பேசாத சங்கதி. அதற்குச் சாட்சியும் இருந்தது. அப்பாவோடு வேலை செய்த பெரியப்பா ஒருவர், மேல்பல் பிடுங்கிய பிறகு கண் மங்கி வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். உச்சிவெயிலில் உப்பின் வெள்ளையையே பார்த்துப் பார்த்து ஆயுசெல்லாம் கண் கூசியவருக்குப் பல்லால்தான் கண் போனதா என்று ஒருவரும் கேட்கவில்லை. "பல்லு இல்லன்னா கஞ்சி குடிக்கலாம். கண்ணு இல்லாதவன் வரப்புல எப்படி நடப்பான்?" என்பார் அப்பா.

ஒரு காலையில் அவர் முகத்தைத் திருப்பியபோது கன்னத்து வீக்கம் மேலேறி இடது கண்ணை முழுதாக மூடியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. உப்பளத்துக்கு ஓடி அம்மாவை அழைத்து வந்தேன். அப்போதும் அவர், "புடுங்க வாணாம், கண்ணு பூடும்" என்றே முனகினார்.

கோபம் தலைக்கேறினால் மட்டுமே அப்பாவை "யோவ்" என்பாள் அம்மா.

"யோவ், கண்ணு இப்பவே மூடிக்கிச்சுய்யா. நாளைக்குப் பார்வை போனா நான் கையப் புடிச்சு இட்டுக்கினு போறேன். நீயே பூட்டா நான் யாரை இட்டுக்கினு போறது?"

அப்பா எழுந்து சட்டையைத் தேடினார்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சீழை எடுத்தார்கள். "இன்னும் விட்டிருந்தா மூளைக்கு ஏறியிருக்கும்மா, ஆளே தப்பியிருக்க மாட்டாரு" என்றார் டாக்டரம்மா. ரத்தம் பார்த்ததில் சர்க்கரை நோயும் இருந்தது. ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு விளக்கினார். காய்ச்சல் தணிந்ததும் பல்லைப் பிடுங்கினார்கள். வீக்கம் வடிந்த அன்று அப்பா வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் என்னை வெகுநேரம் பார்த்தார். "தெரியுற, பாப்பா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஒற்றை அறை வீடு இப்போது இல்லை. அப்பா உப்பு வாரிய பாத்திகளில் புல் மண்டிக் கிடக்கிறது. அவர் புகையிலையை விட்டார், வேளை தவறாமல் மாத்திரை போடுகிறார், இரவிலும் பல் விளக்குகிறார். அந்த நம்பிக்கையை மட்டும் விடவில்லை. வயதான எல்லோரையும் போல மூக்குக்கண்ணாடி போட்டுச் செய்தித்தாளை எட்டப் பிடித்துப் படிக்கும்போதெல்லாம், "அந்தப் பல்லு இருந்திருந்தா கண்ணாடியே வாணாம்" என்கிறார். போன வாரமும் சொன்னார். நான் சண்டைக்குக் கிளம்பினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சொல்லட்டும் வுடு. சொல்றதுக்கு ஆள் இருக்குது இல்ல."