வேறு வேனுக்கு அடித்த காற்று

மணிமொழியைக் கூப்பிடும் டிரைவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. “யக்கா, புளியமரத்தாண்ட நிக்கிறேன்” என்பார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற வழியில் மட்டும் எத்தனை புளியமரம்! கடைசியாகத் தாண்டிய பெட்ரோல் பங்க் எது, எதிரே கரும்பா மரவள்ளியா என்று கேட்டுக் கேட்டுத்தான் அவள் போய்ச் சேருவாள்.

நாற்பத்தொரு வயது அவளுக்கு. பதினோரு வருஷம் ஒரு டயர் கடையில் பில் போட்டவள்; பார்த்துப் பார்த்தே பஞ்சர் வேலையும் பழகியவள். பில்லின் அடியில் அவளுடைய செல் நம்பரைத்தான் முதலாளி அச்சடித்திருந்தார். கொரோனா சமயத்தில் கடையை மூடிவிட்டு அவர் ஓசூரில் மகளோடு போய் இருந்துகொண்டார். அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை. “கடை இல்லீங்க” என்று சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் “எங்க நிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டாள். பிறகு குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி, கம்ப்ரசரும் ஜாக்கியும் டயர் கழற்றும் சாமான்களும் ஏற்றிக்கொண்டாள். வண்டி நின்ற இடத்துக்கே போய் பஞ்சர் ஒட்டுவாள், புது டயர் மாட்டுவாள். இறங்குவது பொம்பளை என்று பார்த்ததும் சிலர் பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். அதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேலத்திலிருந்து சுற்றுலா வந்த வேன்காரர் ஒருவர் கூப்பிட்டார். “கரியாலூருக்கு முன்னாடி, ஒரு வளைவுல வெள்ளை வேன். பின்னாடி லெஃப்ட் டயரு. நாங்க டீ குடிக்கப் போனாலும் நீங்க வேலைய ஆரம்பிச்சிடுங்க” என்றார். எந்த வளைவு என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலை ஏறினாள். கரியாலூருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் வெள்ளை வேன் நின்றது. பின்னால் இடது டயர் தரையோடு படுத்திருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை. செல்லில் சிக்னல் இல்லை. சரி, டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்று ஜாக்கி வைத்துத் தூக்கினாள்.

சக்கரத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். ஆணி இல்லை, கிழிசல் இல்லை. டயர் புதுசு. வால்வின் மூடியைத் திருகி எடுத்தபோதுதான் உள்ளே பின் இல்லாதது தெரிந்தது. காற்று வெளியே போகாமல் பிடித்து வைப்பதே விரல் நகம் அளவுள்ள அந்தப் பின்தான். அது தானாகக் கழன்று விழாது. யாரோ கழற்றியிருக்க வேண்டும். கழற்றியவன் மூடியை ஏன் அவ்வளவு பத்திரமாகத் திரும்பப் போட்டிருக்கிறான்? விஷமம் செய்கிறவன் அப்படிச் செய்வானா? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தன்னிடமிருந்த புதுப் பின்னைப் போட்டுக் காற்றடித்தாள்.

வண்டியை இறக்கும்போது ஒரே ஒரு கோடு சிக்னல் வந்து செல் அடித்தது.

“யக்கா, எங்க இருக்கீங்க? எவ்ளோ நேரமா நின்னுகினு இருக்கோம்?”

“நான் உங்க வேனாண்டதான் நிக்கிறேன். வேலையே முடிஞ்சிடுச்சி.”

“இன்னாக்கா சொல்றீங்க? எங்க டயரு அப்டியேதான் கெடக்குது!”

மணிமொழி திரும்பி வேனைப் பார்த்தாள். அப்படியானால் இது யாருடையது?

மேட்டிலிருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையை இறுக மூடியிருந்தாள்.

“யாரு உன்ன காத்தடிக்கச் சொன்னது?”

“தப்பா வந்துட்டேன்க்கா. வேற வேனுன்னு…”

அந்தப் பெண் அப்படியே சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பெயர் சின்னப்பொண்ணு. வேன் அவள் புருஷன் காசிநாதனுடையது. மலை ஜனங்களைக் கச்சிராயபாளையத்துக்கு ஏற்றி இறக்குகிற வண்டி.

“ரெண்டு வாரம் முன்ன, எறக்கத்துல ஓட்டிக்கினு வரும்போதே கண்ணு மேல சொருகிடுச்சிம்மா. கையி வெட்டி வெட்டி இழுக்குது. நாந்தான் பக்கத்துல இருந்து ஸ்டியரிங்க மலைப் பக்கமா ஒடிச்சேன். நல்லவேளை, வண்டில வேற யாரும் இல்ல. டாக்டரு ஓட்டவே கூடாதுன்னாரு. இவரு மருந்துச் சீட்டைக் கிழிச்சிப் போட்டுட்டாரு. வெளிய சொல்லாத, மானம் போயிடும்ங்கறாரு.” கையைத் திறந்தாள். உள்ளே வால்வு பின். “நான் வேற இன்னா பண்றது?”

மணிமொழி வால்வுப் பக்கம் குனிந்தாள். “திரும்பப் புடுங்கிடட்டுமாக்கா?”

“இன்னிக்கிப் புடுங்கலாம். நாளைக்கி?”

அதற்குள் காசிநாதன் வந்துவிட்டார். பஞ்சர் ஒட்ட ஆள் தேடிப் போனவர் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். பின்னால் மூட்டைகளோடு ஏழெட்டுப் பேர். எழுந்து நிற்கும் டயரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“யாரும்மா நீ? நல்ல நேரத்துக்கு வந்த!”

மணிமொழி தொழிலில் பொய் சொன்னதில்லை. அப்போது அவள் வாய் தானாகச் சொன்னது: “இந்த டயரு சைடுல வெடிப்பு இருக்குதுங்ணா. ஆள ஏத்திக்கினு எறங்கக்கூடாது.”

காசிநாதன் குனிந்து பார்த்தார். விரலால் சுற்றித் தடவினார். “போன மாசம் போட்ட டயரும்மா இது” என்று மெதுவாகச் சொன்னார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் கை இன்னும் திறந்தே இருந்தது. அதிலிருந்த பின்னையும் பார்த்தார். திட்டப்போகிறாரோ, அறையப்போகிறாரோ என்று மணிமொழி பதறினாள்.

அவர் ஜனங்கள் பக்கம் திரும்பினார். “இன்னிக்கி வண்டி வராது. டயருல வெடிப்பு இருக்குதாம். பஸ்ஸுக்குப் போயிடுங்க.”

தன் பொய்யை உடைத்தவரே அதை எடுத்துச் சொல்கிறார். அவர் ஒப்புக்கொண்டாரா, சமாளித்தாரா? கேட்கவும் முடியாமல் அடுத்த வளைவுகளைத் தேடிக்கொண்டு போனாள். நாலாவது வளைவில் சேலத்து வேன் நின்றது. அதற்கு டயர் மாற்றிவிட்டுத் திரும்பும்போது, காசிநாதனும் சின்னப்பொண்ணும் சாலையில் நின்று கை காட்டினார்கள்.

“கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியாண்ட எறக்கி வுட்டுடுறியாம்மா?” என்றார் அவர்.

மூவரும் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் காசிநாதனின் வலது கால் மட்டும், பிரேக் பிடிப்பதுபோல, வண்டியின் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

இப்போது அவர் மாத்திரை சாப்பிடுகிறார். வேனை அவருடைய மச்சான் அய்யனார் ஓட்டுகிறார். மச்சான் டயரைத் தேய்த்தே தீர்க்கிறான் என்று மணிமொழிக்கு வாரம் ஒருமுறை போன் போட்டுப் புலம்புவார் காசிநாதன். சின்னப்பொண்ணு ஒருமுறைகூடப் பேசியதில்லை. கோபமா, நன்றியா, மணிமொழியால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேன் மாறிப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க ஆரம்பித்தால், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

போன வாரம் காசிநாதன் வேறொன்று கேட்டார். “வலிப்பு வந்து மாசக்கணக்கா ஆச்சி. இனிமே ஓட்டலாமான்னு அந்த டாக்டரக் கேட்டுச் சொல்லும்மா. அவரு பேசறது எனக்குப் புரியல.”

மணிமொழி மெனக்கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று கேட்டாள். டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே, “பார்க்கலாம்” என்றார்.

அதற்கு ஓட்டலாம் என்று அர்த்தமா, கூடாது என்று அர்த்தமா? காசிநாதன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். அவள் இன்னும் போனை எடுக்கவில்லை.